மேலே ஒருவர், கீழே ஒருவர்

புதிதாகக் கம்பெனி தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஓதப்படும் மந்திரம், உனக்கு வராத வேலை எவருக்கு வருமோ அவரைக் கூட்டாளியாகச் சேர் என்பதுதான். புரோகிராம் எழுதுகிறவர் ஒரு வாய்ச்சாலகரைத் தேடுகிறார். வாய்ச்சாலகர் எவர் கிடைத்தாலும் போதுமென்று இருக்கிறார். மந்திரத்தில் பிழையில்லை, பாதிதான் ஓதுகிறார்கள். கூட்டாளியின் வேலையைச் செய்ய நமக்குத் தெரிய வேண்டாம். அவர் அதைச் சொதப்பினால் கண்டுபிடிக்கவாவது தெரிய வேண்டும். இந்த மீதிப் பாதியைப் படிக்க, ஏலக்காய் வியாபார ஊரான போடிநாயக்கனூர் நல்ல இடம்.

போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஒருவர் ஏலக்காய்த் தோட்டம் பார்க்கிறார், கீழே போடியில் ஒருவர் வியாபாரம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே சரத்தில் காய்கள் ஒன்றாக முற்றுவதில்லை. நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கொரு சுற்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் உலர்ந்து சுருங்கும், பழுக்க விட்டால் வெடிக்கும். இது மேலே இருப்பவரின் வித்தை. எட்டு எம்.எம். காயா, பச்சை நிற்கிறதா, லிட்டர் எடை எவ்வளவு என்று சாம்பிளைப் பார்த்து ஏலத்தில் விலை கேட்பது கீழே இருப்பவரின் வித்தை. நடுவில் இருக்கிறது ஸ்டோர் எனும் உலர்த்தும் அறை. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாக வற்றும் அந்த அறையில் சூடு எல்லை மீறினால் நிறம் போய்விடும். நிறம் போனபின் மேலே இருப்பவர் “மழை சரியில்லை” என்பார். கீழே இருப்பவர் “மார்க்கெட் சரியில்லை” என்பார். மழையையும் மார்க்கெட்டையும் சாட்சிக்கு அழைக்க முடியாது. நல்ல விலை வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு காய்க்குத் தட்டுப்பாடு வந்து, 2019 ஆகஸ்டில் அங்குள்ள புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் எல்லாருமே மேதைகள்.

ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைத்தால் சண்டைதானே வரும் என்பார்கள். சண்டை வரும்; ஆனால் கடன்காரர் வருவதற்கு முன்பே வந்துவிடும், அதுதான் லாபம். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்துக்கு “அது அவர் டிபார்ட்மெண்ட்” என்ற வாக்கியம் புரியாது. தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு இன்னொருவரும் முழுப் பொறுப்பு. 1976இல் ஆப்பிளின் மூன்றாவது கூட்டாளி ரொனால்ட் வேன் 12 நாளில் விலகி, தன் பத்து சதவீதத்தை 800 டாலருக்கு விட்டதைச் சொல்லி உலகம் சிரிக்கிறது. கையில் சொத்து இருந்தவர் அவர். மற்ற இருவர் பட்ட கடனுக்குத் தன் வீட்டுக் கதவு தட்டப்படும் என்று அஞ்சினார். கணக்கு தப்பியது, பயம் தப்பில்லை. பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டால் இந்த வம்பு இல்லையே என்றால், அது கடனுக்குத்தான் வேலி, அறியாமைக்கு அல்ல. 2010இல் சென்னையில் ஃபிரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி இருவரும் அதற்கு முன் ஜோஹோவில் இருந்தவர்கள். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள், ஆனால் ஒருவர் வேலை மற்றவருக்கு வேற்று மொழியாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

ஆகவே வியாபாரி ஒரு ராத்திரி மலையேறி ஸ்டோரில் கண்விழிக்கட்டும். தோட்டக்காரர் ஒரு நாள் ஏல மையத்தில் உட்கார்ந்து, தன் காயைப் பார்த்து அடுத்தவர் முகம் சுளிப்பதைப் பார்க்கட்டும். ஜீப் வாடகை யார் தலையில் என்று தகராறு வேண்டாம். தொழிலை முறையாக நடத்தக் கூட்டாளி செய்த செலவைத் தொழிலே ஈடுகட்ட வேண்டும் என்று அதே கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. நடுவழியில் பரோட்டாவும் அதில் சேருமா என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளலாம்.