மூணாவது மாடி ஜமீனுக்கு

எய்யா பேராண்டி, துரைப்பாக்கத்துல அறை எடுத்து, அதைச் சோடிச்சு, சுத்திச் சுத்தி நீ எடுத்து அனுப்புன வீடியோவைப் பார்த்தேன். உங்க ஆச்சியும் பார்த்தா. சுவத்தோரமா ஊதாவும் பச்சையுமா ஓடுதே ஒரு லைட்டு, அதைக் கண்டதும் கன்னத்துல போட்டுக்கிட்டா. “அம்மன் எங்கெ இருக்கு?”ன்னு என்னைக் கேட்டா. கோயில் கொடைக்குக் கட்டுற சீரியல் செட் இருந்தா சாமியும் இருக்கணும்லா? நானும் தேடிப் பார்த்துட்டு, “சாமி இல்ல, கட்டில் இல்ல, துணி காயப்போடக் கொடியும் இல்ல. லைட்டு மட்டும் முன்னால வந்துட்டு”ன்னேன்.

முதல் சம்பளம் வாங்குன பிள்ளைய வையக் கூடாது. அதனால வையல. சந்தேகம்தான் கேட்கேன். சுவத்துல ஒட்டியிருக்க பிளாஸ்டிக் கொடிக்குத் தண்ணி ஊத்துதியா, தூசி மட்டும் தட்டுதியா? கால் நீட்ட இடமில்லாத அறையில நடுவுல ஒரு மூட்டை கெடக்கே, அது என்னய்யா? பீன் பேக்குன்னு உங்க சித்தப்பன் சொன்னான். உள்ள தெர்மோகோல் உருண்டையாம். புது டிவி வந்தா நாங்க அதைப் பிரிச்சுக் குப்பையில போடுவோம். நீ காசு கொடுத்து வாங்கி அது மேல உட்கார்ந்திருக்க. படிச்ச பிள்ளை, காரணம் இருக்கும்.

சுவரு விஷயம் மட்டும் கொஞ்சம் கவனி. அது உன்னுது இல்லை. படம் ஒட்ட ரெண்டு பக்க டேப் போட்டிருக்கியே, மெட்ராஸ் ஈரக் காத்துல அது தானா விழுந்தா உன் நல்ல காலம். நீயா உரிச்சா பெயிண்டும் பட்டியும் சேர்ந்து வரும். காலி பண்ணுற அன்னைக்கு வெள்ளையடிக்கன்னு ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிக்கிறது அந்த ஊர்ல பல வீட்டுக்காரங்க வழக்கம். சுவரு பளிச்சுன்னு இருந்தாலும் கழிப்பாங்க. பள்ளம் பறிச்சிருந்தா அதுக்கு மேல ஒரு பேச்சு நடக்கும். 2017-ல வாடகைக்குச் சட்டம் ஒண்ணு போட்டு, 2019-ல நடைமுறைக்குக் கொண்டாந்தாங்க. மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா அது வேறன்னும் இருக்கு. நீ எத்தனை மாசம் கொடுத்தன்னு நான் கேட்கல. ஏன் ஒத்துக்கிட்டன்னும் கேட்கல.

மாட்டுறதை இருக்கிற ஆணியில மாட்டு. உனக்கு முன்னால இருந்தவன் காலண்டருக்கு அடிச்ச ஆணி எங்கெயாவது இருக்கும். என்னத்த மாட்டன்னு கேட்பெ. உன் படமோ வெள்ளைத் தாள்ல கறுப்பா ஒரு கோடு, அதுக்கு ஃப்ரேம். அந்த விலையக் கேட்டுட்டு நான் எந்திரிச்சுத் தொழுவத்துப் பக்கம் போயிட்டேன். கோவில்பட்டிக்காரன் பேரன் படத்துக்கு இம்புட்டுக் காசு கொடுக்கலாமா? நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கிட்டு வந்து நம்மூர்லயே தங்கிட்ட கொண்டையராஜு, 1898-ல பொறந்து 1976-ல போய்ச் சேர்ந்த மனுஷன், எழுதுன சாமி படமெல்லாம் சிவகாசியில அச்சாகி, காலண்டராப் போயி எத்தனையோ வீட்டுச் சுவத்துல ஏறுச்சு. பரண்ல ரெண்டு மூணு சுருட்டிக் கெடக்கு. பாச்சை கடிச்ச ஓரத்தை நறுக்கி அனுப்புதேன். இப்ப அதுக்குத்தான் விண்டேஜுன்னு பேரு வெச்சு விக்கானாமே. உனக்கு ஓசி.

கட்டிலுக்கு அவசரப்படாத. வெறும் அறையில கொஞ்ச நாள் இரு. எந்த ஜன்னல்ல வெயில் ஏறுது, பிளக் எங்கெ இருக்கு, மழைக்கு எந்த மூலை ஒழுகுதுன்னு தெரியட்டும். தெரியாம நீ வாங்குற பீரோ சரியா ஒழுகுற மூலைக்குத்தான் போய் நிக்கும். அதுவரைக்கும் பத்தமடைப் பாய் போதும். தாமிரபரணிக் கரைக் கோரை. ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டுக் காயவெச்சு நெய்யுறது. 1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்கே அங்கெ இருந்து பாய் போச்சும்பாங்க. அது பட்டுப்பாய், மடிச்சுப் பையில வைக்கலாம். உனக்கு முரட்டுப்பாய் வாங்குதேன். நீ ஜமீன்தானே, ராணி இல்லையே. விடிஞ்சதும் சுருட்டி நிறுத்துனா அறை பெருசாயிரும். வாரத்துக்கு ஒரு தடவை மொட்டை மாடியில வெயில் காட்டு, இல்லைன்னா பூசணம் பூத்துரும்.

மேசை நாற்காலிக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போ. காலையில போனா நல்ல சாமான் கிடைக்கும், சாயங்காலம் போனா நல்ல விலை கிடைக்கும். கட்டி ஏத்துற நேரத்துல எவனும் மேசையத் திரும்பச் சுமக்க விரும்பமாட்டான். மரச்சாமானைக் கவுத்துப் போட்டுத் தட்டு. மாவு உதிர்ந்தா அதுல ஏற்கனவே குடியிருக்காங்க. இடுக்குல கறுப்புப் புள்ளி இருந்தா மூட்டைப்பூச்சி. இரும்பு வாங்கு, பிளாஸ்டிக் வாங்கு. எவனோ படுத்த மெத்தைய மட்டும் இனாமாக் கொடுத்தாலும் தொடாத. பிடிச்ச சாமானைப் பிடிச்சதுன்னு மூஞ்சியில காட்டிராத. அது உனக்கு வராது, உங்க அப்பன் மூஞ்சி. பக்கத்துல உள்ள உடைஞ்ச ஃபேனை விலை கேட்டுட்டுக் கடைசியா மேசைக்கு வா.

பிளாஸ்டிக் கொடியக் கழட்டிட்டு மணி பிளாண்ட் வை. பாட்டில் தண்ணியிலயே வளரும். திருடி வெச்சாத்தான் வளரும்னு ஊர்ல சொல்லுதாங்க. வீட்டுக்காரர் வாசல்ல செழிப்பா ஒண்ணு நின்னதை வீடியோவுல பார்த்தேன். பார்த்தேன்னுதான் சொல்லுதேன்.

மேல மொட்டை மாடிங்கறதால சித்திரையில வேகும். வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைச்சா நம்ம கரிசக்காட்டுல குளுகுளுன்னு இருக்கும். அங்கெ காத்தே ஈரம், அம்புட்டுக் குளிராது. வாசனைக்கு வேணும்னா கட்டிக்கோ. வெயிலைத் தடுக்கத் திரைதான் சரி. அதுக்கும் ஒரு பெரிய தொகை, நீ வாங்கணும்னு போட்ட லிஸ்டுல பார்த்தேன். அதை அடிச்சிரு. உங்க ஆச்சியோட சின்னாளபட்டிச் சுங்குடி ஒண்ணை பஸ் பார்சல்ல போட்டுவிட்டேன். அஞ்சரை மீட்டர் இருக்கும், ரெண்டாக் கிழிச்சா ரெண்டு ஜன்னலுக்கு ஆகும். மேல் விளிம்பை மடிச்சுத் தைச்சு ஸ்பிரிங் கம்பிய விடு, ஜன்னலுக்கு ஆணி ரெண்டு போதும். அவகிட்ட நான் இன்னும் சொல்லல. கேட்டா கடையில வாங்குனேன்னு சொல்லு. விலைய மட்டும் கூட்டிச் சொல்லு. மலிவுன்னு தெரிஞ்சா எனக்கும் நாலு எடுத்தனுப்புன்னுருவா.