சபாவில் சாக்ஸபோன்

கே: கத்ரி கோபால்நாத்தை ஜாஸ் கலைஞர் என்று சொல்லலாமா?
– மயிலாப்பூர் வாசகர்

ப: மாமிகள் விடமாட்டார்கள்! நாகஸ்வரக்காரர் மகன், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டுச் சொக்கிப்போனவர். சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக சங்கீதப் பாடம். கமகம் இழைய வேண்டுமென்று வாத்தியத்தின் உறுப்புகளையே மாற்றிக்கொண்டார். சாக்ஸபோனைக் கண்டுபிடித்த பெல்ஜியக்காரர் பார்த்திருந்தால் மயக்கமே போட்டிருப்பார்.

ஜாஸ்காரர்கள்தான் இவரைத் தேடி வந்தார்கள். பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கர் ஜான் ஹாண்டியுடன் ஒரே மேடை. 2008-ல் ருத்ரேஷ் மஹந்தப்பாவுடன் ‘கின்ஸ்மென்’ ஆல்பம்: இரண்டு ஆல்டோ சாக்ஸபோன், பக்கத்திலேயே மிருதங்கம். தேடிக் கேளுங்கள், தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்கு ஓட முடியாது.

அதெல்லாம் வேண்டாம் என்றால் இருக்கவே இருக்கிறது, 1994-ல் வந்த ‘டூயட்’ படம். திரையில் கன்னம் நடிகர் பிரபுவுடையது, காற்று கத்ரியுடையது.