13 அடிச் சுவரும் ஒரு பிஸ்கெட்டும்

அரசு இணையதளம் ஏதாவது ஒன்றைத் திறந்து, அடியில் எறும்பு எழுத்தில் கிடக்கும் தனியுரிமைக் கொள்கையைப் படித்துப் பாருங்கள். கண் கலங்கும். உங்கள் பெயரையும் போன் நம்பரையும் நாங்களாக எடுப்பதில்லை, நீங்களாகக் கொடுத்ததையும் எவருக்கும் விற்பதில்லை. துறைக்குத் துறை அநேகமாக இதே வாசகம். யாரோ ஒருவர் எழுதினார், மற்றவர்கள் ஜெராக்ஸ் எடுத்தார்கள். சில தளங்கள் குக்கீக்குக்கூட அனுமதி கேட்கின்றன. ஒரே ஒரு பிஸ்கெட் எடுத்துக்கொள்ளட்டுமா என்று, அடடா, என்ன பணிவு!

பணிவெல்லாம் திண்ணையோடு சரி. கொல்லைப்புறத்தில் உங்கள் தகவல் மூட்டை மூட்டையாக லாரி ஏறியது. நீங்கள் கடன் வாங்கி வாங்கிய ஸ்கூட்டரின் ஜாதகம் 'வாகன்' தளத்தில், உங்கள் லைசென்ஸ் 'சாரதி'யில். 2019 ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி மாநிலங்களவையில் கணக்கு ஒப்பித்தார்: தரவைப் பார்க்க 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் வழி திறந்தோம், வரவு 65 கோடி ரூபாய். மொத்தமாக வேண்டுமென்றால் வருஷத்துக்கு 3 கோடி. கல்வி நிறுவனத்துக்கு 5 லட்சம், மாணவர் சலுகை! 2020இல் தரவு விற்கும் இந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். விற்ற சரக்கு திரும்பி வந்ததா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் களவு போன பித்தளைச் சொம்பே இன்னும் வரவில்லை.

கடை மூடிய இரண்டாம் வருஷம் ரயில்வே கடை விரித்தது. பயணிகளின் தரவைக் காசாக்க ஆலோசகர் தேவை என்று 2022 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி டெண்டர் விட்டது. இலக்கு 1,000 கோடி. ஆராய வேண்டிய பட்டியலில் பெயர், வயது, முகவரியோடு பாஸ்வேர்டும் இருந்தது. தட்கல் டிக்கெட் கிடைக்காமல் விடிகாலையிலிருந்து விரல் தேய்கிறவனிடம் மிச்சமிருப்பது அந்தப் பாஸ்வேர்டு ஒன்றுதான். ஊர் கத்தியதும் டெண்டரை வாபஸ் வாங்கினார்கள். நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன காரணம், தரவுப் பாதுகாப்பு மசோதா நிறைவேறவில்லை என்பது. வெட்கமாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆதாருக்கு வருவோம். அதற்குக் கோட்டையே இருக்கிறது. 13 அடி உயரம், 5 அடி கனமான சுவருக்குள் தகவல் பத்திரமாக இருப்பதாக 2018 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். கம்ப்யூட்டர் திருடன் ஏணியோடு வருவான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய நவம்பரில்தான், மத்திய, மாநில அரசுகளின் சுமார் 210 இணையதளங்கள் மக்களின் ஆதார் விவரங்களை ஊரறிய வெளியிட்டிருந்ததை ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. சுவர் பலம்தான், வாசலுக்குக் கதவு வைக்கத்தான் மறந்துபோனார்கள். 500 ரூபாய் கொடுத்தால் போதும், ஆதார் விவரம் கிடைக்கிறது என்று 2018 ஜனவரியில் 'தி டிரிப்யூன்' நாளிதழ் எழுதியதும் ஆணையம் சுறுசுறுப்பானது. ஓட்டையை அடைக்க அல்ல. எழுதிய நிருபரின் பெயரைச் சேர்த்துப் போலீஸில் புகார் கொடுக்க.

இதற்கெல்லாம் மருந்தாக 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காவலில் கோட்டை விட்டால் 250 கோடி வரை அபராதம். கேட்க இனிக்கிறது. ஆனால் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி, மத்திய அரசு கைகாட்டுகிற அரசு அமைப்புக்கு இந்தச் சட்டமே பொருந்தாமல் செய்யலாம். குடிமகனுக்கும் கடமைகள் உண்டு. மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம். ஆக, களவு கொடுத்தவனுக்கும் ரசீது புத்தகம் தயார்.

அதே சட்டம், போகிற போக்கில், தகவல் உரிமைச் சட்டத்தின் கையையும் ஒடித்தது. தனிநபர் தகவலானாலும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று 8(1)(ஒ) பிரிவுக்குள்ளேயே இருந்த வாசலைச் சுவர் வைத்து மூடிவிட்டார்கள். பொதுநலன் பேச வேறொரு உட்பிரிவு மிச்சமிருக்கிறதாம், அதைக் காட்டி அலையலாம்.

2017இல் ஜார்க்கண்ட் அரசின் இணையதளம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பென்ஷன்தாரர்களின் பெயர், முகவரி, ஆதார் எண், வங்கிக் கணக்கு அத்தனையையும் கடை பரப்பியது. கேட்காமலே. இன்று, செத்துப்போன கிழவியின் பென்ஷனை வாங்கித் தின்கிறவன் யார் என்று அவள் பேரன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்கட்டும். "மன்னிக்கவும், தனிநபர் தகவல்" என்று பதில் எழுத ஆபீஸருக்கு இப்போது சட்டமே துணை நிற்கிறது.