கட்டைவிரல் போதுமா?

கேள்வி: எங்கள் ரத்ததானக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்கள். யாரும் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரத்தமே கொடுப்பவர்களுக்குச் செய்தி அனுப்ப மனமில்லாமலா போகும்? 'எல்லாரும் பகிருங்கள்' என்றால் அது யாருக்கும் சொன்னதாகாது.

2014-இல் உலகைச் சுற்றிய ஐஸ் பக்கெட் சவாலைப் பாருங்கள். தலையில் பனிநீரைக் கொட்டிக்கொண்டவர், அடுத்து யார் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்; 24 மணி நேரம் கெடுவும் வைத்தார். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக உழைக்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு மட்டும் இதன் மூலம் சுமார் 11.5 கோடி டாலர் நன்கொடை சேர்ந்தது. பெயர் சொல்லிக் கேட்டால் நழுவ முடியாதே!

நீங்களும் அப்படிக் கேளுங்கள்: 'அக்கா, உங்கள் கல்லூரித் தோழிகள் குழுவில் இதைப் போடுங்கள்.' செய்தியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்: ரத்த வகை, மருத்துவமனை, தொடர்பு எண், முக்கியமாகத் தேதி. தேதி இல்லாத செய்தி, நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் ஊர் சுற்றும். பலமுறை கைமாறிய செய்தியை 2020 முதல் வாட்ஸ்அப் ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப விடுகிறது. அதனால் சொந்தமாக ஒரு வரி எழுதி, புதிதாக அனுப்பச் சொல்லுங்கள்.

ரத்தம் கிடைத்ததும், 'கிடைத்துவிட்டது, நன்றி' என்று மறக்காமல் தெரிவியுங்கள். தன்னால் ஓர் உயிர் பிழைத்தது என்று தெரிந்தவர், அடுத்த முறை நீங்கள் கேட்கும் முன்பே அனுப்பிவிடுவார்.