உறுதி இருக்கா?

சென்ற வருடம் கண்டியில் ஒரு ஹோட்டலில் ‘உட்படுத்தல் கல்வி’ பற்றிச் செயலமர்வு. சிறுபான்மைப் பிள்ளைகளை ஆரம்பப் பாடசாலையில் எப்படி உட்படுத்துவது, எப்படி முன்னேற்றுவது என்று நாள் முழுக்கப் பேசினார்கள். யார் நடத்தியது என்று கேட்காதீர்கள். பதாகையில் பெயரை மட்டும் மாற்றினால் நாலைந்து நிறுவனங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும். கோப்புக்குள் ஆங்கிலப் பிரதி இருந்தது. சிங்களப் பிரதி இருந்தது. தமிழ்ப் பிரதி ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றார்கள். மதியச் சாப்பாடு வந்தது. மாலைத் தேநீர் வந்தது. பிரதி வரவில்லை.

தோட்டப் பாடசாலை அதிபர்கள் மூன்று பேரை அழைத்திருந்தார்கள். கடைசி வரிசை. அதில் ஒருவருக்கு அழைப்புக் கடிதமே சிங்களத்தில் போயிருக்கிறது. வாசித்துச் சொல்ல மனிதர் ஆள் தேடி அலைந்திருக்கிறார். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987இல். கடிதம் அடிக்கிற மேசைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

மேடையில் ஒருவர் கேட்டார்: மலையகப் பிள்ளைகள் ஏன் பின்தங்கி நிற்கிறார்கள்? பதிலையும் அவரே சொன்னார்: பெற்றோருக்கு அக்கறை போதாது. கைதட்டல். தேநீர் இடைவேளை. தேயிலை யார் பறித்தது என்று யாரும் கேட்கவில்லை. சீனி போதுமா என்றுதான் கேட்டார்கள்.

அக்கறையுள்ள தகப்பன் ஒருவரை எனக்குத் தெரியும். கண்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை. குடியிருப்பு அங்குள்ள லயத்தில், அதாவது வரிசை வீட்டில். மகளை நகரத்துப் பாடசாலை ஒன்றில் முதலாம் தரத்தில் சேர்க்க விண்ணப்பித்தார். அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு, பிளாஸ்டிக் உறையில் பத்திரங்களை அடுக்கிக்கொண்டு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன்.

“உறுதி இருக்கா?”

“இல்லீங்க சேர். தோட்டத்து லயம்.”

“வாடகை ஒப்பந்தம்?”

“வாடகை இல்லீங்க சேர். தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான் இருக்கோம்.”

“அப்ப நீங்க அங்க இருக்கிறதுக்கு என்ன அத்தாட்சி?”

முன்னோரை அந்த மலையில் புதைத்த மனிதரிடம் கேட்கிறார்கள், அங்கே இருப்பதற்கு என்ன அத்தாட்சி என்று. வாக்காளர் இடாப்பை எடுத்து நீட்டினார். அதற்குக் கொஞ்சம் புள்ளி விழுந்தது. விழுந்த வேகத்தில் வெட்டும் விழுந்தது. வீட்டுக்குக் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். இவர் லயத்துக்குக் கிட்ட தோட்டப் பாடசாலை இருக்கிறதே! அதுவும் ஒரு பாடசாலைதான் என்று அரசாங்கம் முழுமனதோடு ஏற்றுக்கொள்வது இந்த ஓர் இடத்தில் மட்டும்.

முதலாம் தர அனுமதிச் சுற்றுநிருபத்தைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். வருடத்துக்கு வருடம் அங்கே இங்கே தட்டிக்கொட்டுவார்கள். எலும்புக்கூடு பல காலமாக ஒன்றுதான். பாதி இடம் கிட்டடியில் வீடுள்ளவருக்கு. வீட்டை நிரூபிக்கக் காணி உறுதி வேண்டும். லயத்துக்கு உறுதி கிடையாது. நூற்றுக்கு 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. தாத்தாவைச் சேர்க்கவில்லை, அதனால் அப்பன் பழைய மாணவர் இல்லை, அதனால் மகளுக்கு இடமில்லை. மூன்று தலைமுறைக்கு ஒரே கணக்கு, ஒரே விடை. 15 ஏற்கனவே படிப்பவரின் தம்பி தங்கைக்கு. அக்காவையும் சேர்க்கவில்லையே! 5 கல்வித் துறை உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்கு. 4 இடமாற்றம் பெற்று வருபவருக்கு. தோட்டத் தொழிலாளிக்கு இடமாற்றம் என்றால் மேற்பிரிவிலிருந்து கீழ்ப்பிரிவுக்கு. மிச்சம் 1. அது வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு.

இந்த ஒன்றைப் பார்த்துத்தான் எனக்குச் சபலம் தட்டியது. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளை சிங்காப்பிட்டியில் கோப்பி நட்ட காலத்திலேயே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்தானே தோட்டத் தொழிலாளர்கள்? விண்ணப்பத்தில் ‘திரும்பிய திகதி’ என்ற இடத்தில் எழுதினால் என்ன? செய்யலாம். ஆனால் 1948இல் ‘நீ இந்தியாக்காரன்’ என்று பிரஜாவுரிமையைப் பறித்த அதே அரசு, இப்போது ‘நீ உள்நாட்டுக்காரன்’ என்று அந்த ஒரு வீதத்தையும் பறித்துவிடும். இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தியை நம்மவர்கள் நன்றாகவே தீட்டி வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து. கண்டிப் பக்கத்தில் எத்தனையோ தோட்டங்கள் தனியார் கம்பனியிடம் இல்லை. ஜனவசம என்று நாம் சொல்லும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்கின்றன. அதாவது அரசாங்கத்திடம். தொழிலாளரின் சேமலாப நிதியையே வருடக்கணக்காகக் கட்டாமல் நிலுவை வைத்த நிறுவனங்கள் இவை. மண்ணும் அரசாங்கத்துடையது, லயமும் அரசாங்கத்துடையது, பாடசாலையும் அரசாங்கத்துடையது. உறுதி தராதவரும் அவர்தான். உறுதி எங்கே என்று கேட்பவரும் அவர்தான். இல்லையென்று ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பூச்சியம் போடுபவரும் அவர்தான்.

உறுதி கேட்டால் உறுதிமொழி தருவார்கள். அதில் குறைவைத்ததே இல்லை. 2015இல் ஏழு பேர்ச் காணி என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் வந்து பத்தாயிரம் வீடு என்றார். 2023இல் ‘மலையகம் 200’. விழா, நடைபயணம், நினைவுப் பரிசு, பொன்னாடை. எங்கள் தகப்பன் அந்த உறுதிமொழிகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அரைப் புள்ளியாவது போட்டிருப்பார்களோ என்னவோ.

கண்டியைப் பாடசாலைகளின் நகரம் என்று பெருமையாகச் சொல்வோம். பொய்யில்லை. 1872இல் திரித்துவக் கல்லூரி. 1887இல் தர்மராஜ. 1891இல் கிங்ஸ்வூட். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இலேயே தேயிலை போட்டாயிற்று. கொழுந்து பறிக்கிறவளின் பிள்ளைக்கும் எழுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தோட்டத் துரைமாருக்குச் சட்டம் சொன்னது 1907இல். அதுவும் ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை. பதினொன்றில் கூடை தயார். 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலை மட்டும் துரையின் பொறுப்பிலேயே கிடந்தது. அரசாங்கம் அதைத் தன்னுடையது என்று கையேற்கத் தொடங்கவே 1970களின் பிற்பகுதி ஆகிவிட்டது. ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை நூதனசாலையாகிவிட்டது. டெய்லர் காலத்துச் சாமான்களும் இயந்திரங்களும் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இரும்புக்குக் கிடைத்த கூரை அது.

அந்தச் சிறுமி இப்போது தோட்டப் பாடசாலையில்தான் படிக்கிறாள். போய்ப் பார்த்தேன். ஒரே நீள மண்டபம். ஐந்து வகுப்பு. இடையில் சுவர் கிடையாது. ஒரு மூலையில் ‘அம்மா, ஆடு’. அடுத்ததில் ஏழாம் வாய்ப்பாடு. அதற்கும் அப்பால் ஐந்தாம் தரம், புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பழைய வினாத்தாள் செய்கிறது, காதைப் பொத்திக்கொண்டு. சுவரும் கதவும் உள்ள வகுப்பில் படித்த பிள்ளையும் இந்தப் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளை எழுதும். அதற்குப் பெயர் சமவாய்ப்பு.

அங்குள்ள டீச்சர் 2015இல் ஆசிரிய உதவியாளராக வந்தவர். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று மூவாயிரம் பேரளவில் எடுத்தார்களே, அதில் ஒருவர். அப்போது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பிறகு மனமிரங்கிப் 10,000 ஆக்கினார்கள். பஸ்ஸுக்குப் போனது போக மிச்சத்தை அவர் கணக்குப் பாடத்தில் கழித்தல் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்தியிருக்கலாம். செயலமர்வில் நான் சாப்பிட்ட ஒரு தட்டின் விலையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் ஏதோ கட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், அந்த ஹோட்டலில் மேடைக்குப் பின்னால் தொங்கிய அதே பிளெக்ஸ் பதாகை. நிகழ்ச்சி முடிந்ததும் அதிபர் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். சுவராகப் பயன்படுகிறது. செயலமர்வால் பாடசாலைக்குக் கிடைத்த ஒரே சாமான்.

மூன்று மொழியிலும் தலைப்பு. தமிழில் மட்டும் புள்ளிகளைக் காணோம். ‘உடபடுததல கலவி’ என்று நின்றது. நாள் முழுக்க அதற்குக் கீழேதான் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். அத்தனை நிபுணர்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எனக்கும் படவில்லை.

மூன்றாம் தரத்தில் ஒரு பிள்ளை எழும்பியது. “டீச்சர், இதுல குத்துப் போட மறந்துட்டாங்க.”

டீச்சர் சோக் கட்டியைக் கொடுத்தார். பிள்ளை கதிரையில் ஏறி நாலு இடத்திலும் குத்துப் போட்டது. பிளெக்ஸில் சோக் பிடிக்கவில்லை.