அரை வரியின் பெருமை

மாணவனை இவ்வளவு நம்பும் ஆசான்களை நான் குவார்க்குகளைக் கணினியில் கணக்கிடும் லாட்டிஸ் க்யூசிடி துறையில்தான் பார்த்தேன். பிஎச்.டி.க்குச் சேர்ந்த முதல் வாரமே என் கைடு மேசைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, "எல்லாம் இதுல இருக்குப்பா, படிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு மாநாட்டுக்குக் கிளம்பினார். அவர் சொன்னதில் பொய்யில்லை. எல்லாமே அதில் இருந்தது.

எவ்வளவு பெரிய வேலையை நம்பி ஒப்படைத்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். புரோட்டானின் நிறை 938 எம்இவி. அதற்குள் இருக்கும் இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க் மூன்றின் நிறையையும் கூட்டினால் ஏறக்குறைய 9 எம்இவிதான் தேறும். நூற்றுக்கு ஒரு பங்கு. மீதி பெரும்பாலும் அந்தக் குவார்க்குகளின் ஓட்டத்திலும் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் குளுவான் புலத்திலும் உள்ள ஆற்றல். நம் உடம்பின் எடை அங்கிருந்துதான் வருகிறது. பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு இதைக் கணக்கிட முடியாது. 1974இல் இயற்பியலாளர் கென்னத் வில்சன் வழி காட்டினார். வெளியையும் காலத்தையும் கோலப் புள்ளிகள் போலப் பிரித்து, புள்ளியில் குவார்க்கை வைத்து, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இணைப்பில் குளுவானுக்காக மூன்றுக்கு மூன்று அணி ஒன்றை வைத்தார். அந்தப் புள்ளிக்கோலம்தான் லாட்டிஸ். வெளியில் திசைக்கு 64, காலத்தில் 128 புள்ளி என்று வைத்தால் 3.35 கோடி புள்ளிகள், 13.4 கோடி இணைப்புகள். இணைப்பு ஒன்றுக்கு 18 எண்கள். இந்த எண்களின் முழுத் தொகுப்பு ஒன்று, எங்கள் மொழியில் ஒரு கான்பிகரேஷன், 19 ஜிபியைத் தாண்டும். அப்படி நூற்றுக்கணக்கில் வேண்டும். இதில் எனக்கும் இடம் தந்தார்களே என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கள் பாடநூல்களின் சொற்சிக்கனத்தைப் போற்றுகிறேன். ஒரு சொல் கூடுதலாக இராது. குவார்க் புலத்துக்குக் காலத் திசையில் எல்லை நிபந்தனை எதிர்க்குறியோடு இருக்க வேண்டும் என்பதை நான் படித்த நூல் அரை வரியில் முடித்துவிட்டது. புரோகிராமின் உள்ளீட்டுக் கோப்பில் அந்த அரை வரி நான்கு எண்களாக நிற்கும்: 1 1 1 -1. நான் 1 1 1 1 என்று போட்டிருந்தேன்.

என் முதல் லாட்டிஸ் சின்னது. வெளியில் 16, காலத்தில் 32. முதலில் பயான் என்ற துகளைக் கணக்கிட்டேன். காலத்தோடு அதன் சிக்னல் இறங்கும் வளைவு அழகாக வந்தது, பழைய கட்டுரைகளில் இருந்த நிறையும் வந்தது. பயானில் இருப்பது ஒரு குவார்க், ஓர் எதிர்க்குவார்க். இரண்டின் குறியும் ஒன்றையொன்று அடித்துவிடும் என்பதால் என் பிழை கண்ணில் படவே இல்லை. அடுத்தது நியூக்ளியான், அதாவது புரோட்டான் அல்லது நியூட்ரான். அதில் மூன்று குவார்க். மூன்று குறி அடிபடாது. முன்பாதி சரியாக இறங்கியது, பின்பாதி புத்தகச் சூத்திரத்துக்கு நேர்மாறான குறியோடு வந்து நின்றது.

மூன்று வாரம் தேடினேன். காமா அணிகளை வேறு முறையில் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு இணைப்பு அணியின் டிடர்மினன்ட்டும் ஒன்றுதானா என்று சோதித்தேன். கிளஸ்டரில் ஜாபைப் போட்டுவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கியூ நகர்ந்ததா என்று பார்ப்பேன். புத்தகத்தின் அந்த அத்தியாயத்தை இன்றும் ஒப்பிப்பேன். அவ்வளவு ஆழமாகப் படிக்க வைத்த நூல் அது. கடைசியில் வேறு ஊரிலிருந்து வந்த ஒரு சீனியர் அண்ணன் டீ குடித்துக்கொண்டே என் படத்தைப் பார்த்தார். "டைம்ல மைனஸ் ஒண்ணு போட்டியா தம்பி?" என்றார். போடவில்லை என்றேன். "அது எல்லாருக்கும் தெரியுமே!"

எல்லாருக்கும் தெரிந்ததை எழுதி வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது எங்கள் ஆசான்களின் அடக்கம். அந்த 'எல்லாரும்' யார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வேலை செய்யும் பெரிய குழுக்களில், வராந்தாவிலும் கேன்டீனிலும் அதைக் காதால் கேட்டவர்கள். தனியாக ஒரு கைடிடம் சேர்ந்து, அந்தக் கைடும் பாதி நாள் ஊரில் இல்லாத மாணவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. குருகுலம் அழியாமல் காப்பாற்றப்படும் நவீனத் துறை எங்களுடையது. குருவின் வீட்டுக்குள் இருப்பவனுக்குத்தான் வித்தை.

ஆய்வுக் கட்டுரைகளின் நாகரிகமும் அப்படித்தான். நியூக்ளியானில் இரைச்சல் எப்படி ஏறும் என்பது பாரிசி, லெபாஜ் என்ற இயற்பியலாளர்கள் என்றோ விளக்கிய உண்மை. பயானின் நிறையை இயற்கையில் உள்ளபடி வைத்தால், காலத்தில் ஒரு பெர்மி தூரம் தள்ளிப் போவதற்குள் சிக்னலோடு ஒப்பிட்ட இரைச்சல் சுமார் 40 மடங்கு பெருகும். அதைச் சரிக்கட்ட 1,600 மடங்கு தரவு வேண்டும். எனவே வளைவின் எந்த இடத்தில் சூத்திரத்தைப் பொருத்தத் தொடங்கி எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் படித்த கட்டுரைகள் பலவும் தேர்ந்தெடுத்த இடத்தைச் சொல்லும். அதன் முடிவைச் சொல்லும், பிழையளவை இரண்டு இலக்கத்தில் சொல்லும். தூக்கியெறிந்த முப்பது பொருத்தங்களை வாசகர் கண்ணில் காட்டாது. விருந்தாளி வரும்போது சமையலறைக் கதவைச் சாத்துகிற பண்பாடு. ஆனால் நான் சமைக்கக் கற்றுக்கொள்ள வந்தவன்.

சாதனைகளைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. 2008இல் குவார்க்குகளாலான ஹாட்ரான் துகள்களின் நிறைகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2015இல் நியூட்ரானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள நிறை வித்தியாசத்தையே எட்டினார்கள். அது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லாத வித்தியாசம். கோடிக்கணக்கான மணி நேரக் கணினி உழைப்பில் உருவான கான்பிகரேஷன்களைப் பிற குழுக்களுக்கும் திறந்துவிட்ட பெரிய மனசுக்காரர்களும் இங்கே உண்டு. அரிசி மூட்டையை வாசலிலேயே இறக்கிவிடுகிறார்கள். உலை வைக்கும் முறை மட்டும் வாய்மொழியில் நிற்கிறது.

இந்தப் பழக்கம் முன்னோரிடமிருந்து வந்ததல்ல. துறையை உண்டாக்கிய வில்சன், 1989இல் லாட்டிஸ்காரர்கள் கூடிய மாநாட்டிலேயே, சோதனைகளோடு ஒப்பிடத்தக்க நிலைக்கு வர இன்னும் பத்துக் கோடி மடங்கு கணினி வலு தேவைப்படலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். தான் பெற்ற பிள்ளையின் குறையைச் சபையில் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. அவர் வழிவந்தவர்கள் ஒரு மைனஸ் குறியைச் சொல்லக் கூடாதா?

என் உள்ளீட்டுக் கோப்புக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பக்கக் குறிப்பு இருக்கிறது. நான்காவது எண் ஏன் மைனஸ் ஒன்று, அதை விட்டால் பயான் ஏன் காட்டிக்கொடுக்காது, நியூக்ளியான் ஏன் காட்டிக்கொடுக்கும், என் கெட்டுப்போன படம் எப்படி இருந்தது, எல்லாம் அதில் உண்டு. எனக்குப் பின் சேர்ந்த மாணவி அதைப் படித்துவிட்டு நியூக்ளியானை நான்கு நாளில் முடித்தாள்.

ஆசான்களே, உங்கள் அலமாரியில் இப்படி எத்தனை நோட்டுகள் கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அவற்றை வெளியே எடுத்து, கெட்டுப்போன படங்களோடு சேர்த்தே அச்சில் கொடுங்கள்.