ஊடல் தீர்க்கும் குறுஞ்செய்திகள்: மாட்டுத்தாவணி வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

காதலர் ஊடுவதும் கூடுவதும் தமிழில் ஆராய்ந்து சலித்த பொருள். ஆனால் ஊடியவர்கள் செல்போனில் எப்படிச் சமாதானமாகிறார்கள் என்பது பற்றி அறிஞர் பெருமக்கள் இதுகாறும் வாய் திறக்கவில்லை. அவரவர் வீட்டிலேயே அது நடந்துகொண்டிருப்பதால் ஆய்வுக்கு வேண்டிய நடுநிலை வாய்க்காமல் போயிருக்கலாம். அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். நோக்கம் நிறைவேறாவிட்டாலும் கட்டுரை நீளும் என்பது இத்துறையின் மரபு.

ஆய்வு எல்லை மதுரை மாட்டுத்தாவணி. காரணம் மூன்று. ஊடல் மருதத்திணைக்குரிய உரிப்பொருள். வண்டியூர்க் கண்மாயும் பூ மார்க்கெட்டும் பழ மார்க்கெட்டும் சூழ்ந்த இவ்விடத்தை மருதம் என்னாது வேறென் சொல்வது? இரண்டாவது, மருதத்துக்குரிய சிறுபொழுது வைகறை. சென்னைப் பஸ்கள் வந்து இறக்கிவிடுவதும் அப்பொழுதே. அன்றைய தலைவன் பரத்தையர் சேரியிலிருந்து வைகறையில் வந்து வாசலில் நின்றான்; இன்றைய தலைவன் பெருங்களத்தூரிலிருந்து வந்து நிற்கிறான். முகபாவம் ஒன்றே. மூன்றாவது காரணம், இது கட்டுரையாளருக்கு நடை தூரம்.

மேலூர்ச் சாலையில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்குவது இவ்விடத்தின் கூடுதல் சிறப்பு. எனினும் 'யார் முதலில் ஆரம்பித்தது' என்னும் வழக்கை அங்கும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்க.

முதன்மைச் சான்று: ஆம்னி பஸ் நிலையத்தருகே டீ ஆற்றும் அண்ணன் அருளிய வாய்மொழி உரை (இனி, டீ.உரை).

2. முன்னாய்வுகள்

தொல்காப்பியர் ஊடலைத் திணைக்குள் அடக்கினார். வள்ளுவர் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று கடைசி மூன்று அதிகாரங்களை, முப்பது குறளை, இதற்கே ஒதுக்கி, அதோடு நூலையும் முடித்துக்கொண்டார். அதற்குமேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று அவர் கருதியிருக்கலாம்; உரைகாரர்கள் அவ்வாறு கருதவில்லை. மருதக்கலியின் 35 பாட்டும் மருதன் இளநாகனார் பாடியவை என்பர். அவரைப் பெயருக்கு முன்னே 'மதுரை' சேர்த்து வழங்கும் மரபு உண்டாகலின், இக்கட்டுரை அவரைத் தன் முன்னோடியாக வரித்துக்கொள்கிறது. அவர் சம்மதம் கேட்கப்படவில்லை.

3. வகைப்பாடு

ஊடல் தீர்க்கும் செய்தி ஆறு வகைப்படும்.

அ. நேர்ச் சாரி. அரிது.

ஆ. காரணச் சாரி: 'சாரி, ஆனா நீ மட்டும் அப்டிப் பேசலாமா?' இது சாரியன்று, மேல்முறையீடு.

இ. பாட்டுச் சாரி: ஸ்டேட்டஸில் இளையராஜா பாட்டு வைத்துவிட்டு, அவள் பார்த்தாளா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது. அவளைத் தவிர ஊரே பார்க்கும்.

ஈ. குட்மார்னிங் சாரி: ரோஜாப் படத்தோடு வருவது. மணமாகிப் பல்லாண்டான தம்பதியர் வழக்கு.

உ. ஜிபே சாரி: பிளாக் செய்யப்பட்ட தலைவன் ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பில் 'பேசுடி' என்று எழுதுவது. அவள் திருப்பி இரண்டு ரூபாய் அனுப்பிக் குறிப்பில் 'மாட்டேன்' என்றால், தலைவனுக்குப் பொருளிழப்பு இல்லை என்பது கருதத்தக்கது.

ஊ. 'ம்'. இது தனி இயல் வேண்டுவது.

4. மகர இயல்

நெடுநேரம் யோசித்து, நாலு வரியில் மன்னிப்பு எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்புகிறான் ஒருவன். பதில் வருகிறது: 'ம்'.

இதன் ஒலிப்பை முதலில் காண்போம். மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை. ஒரு மாத்திரையாவது கண் இமைக்கும் பொழுது, அல்லது கை நொடிக்கும் பொழுது. ஆகவே அவனுடைய நாலு வரிக்கு அவள் செலவிட்டது அரைக் கண்ணிமை. சினம் மிக்க இடத்து இது மகரக்குறுக்கமாகிக் கால் மாத்திரையாகவும் ஒலிக்கும் (டீ.உரை, முதல் கிளாஸ்).

அடுத்துச் சொல்லிலக்கணம். மெய் தனித்து நின்று சொல்லாகாது. சொல்லுக்கு முதலாகவும் வாராது. ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டு என்று நன்னூல் வரையறுத்தது. அந்த 42இல் 'ம்' இல்லை. விடுபட்டது எவ்வாறு? பவணந்தியார் முனிவர். அவருக்கு இப்படியொரு பதில் வந்திருக்க வாய்ப்பில்லை.

'ம்ம்' என வருவதோ? அது ஒற்றளபெடை. மகர ஒற்று அளபெடுக்கும் என்பதற்கு இலக்கணத்தில் இடமுண்டு. அரை மாத்திரை ஒன்றாக உயர்ந்ததால் அன்பும் இரட்டித்தது என்று கொள்வாரும், இல்லை, அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று கொள்வாரும் உளர். இரண்டாவது கட்சியே வலியுடைத்து (டீ.உரை, மூன்றாம் கிளாஸ், வடை போடும் அக்கா இதை மறுத்திருக்கிறார், எண்ணெய்ச் சத்தத்தில் மறுப்பு முழுவதும் கிடைக்கவில்லை).

இனிச் சுவடியியல். பனையோலையில் எழுத்தாணியை அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சிப் பழைய எழுத்தர்கள் புள்ளியிடாமலே எழுதினார்கள். அப்படியானால் தலைவி 'ம்' என்று ஓலை விடுத்திருந்தாலும் அது 'ம' என்றே போய்ச் சேர்ந்திருக்கும். 'ம' என்றால் என்ன என்று தலைவனும் பாங்கனும் பாணனும் கூடி யோசித்து முடிப்பதற்குள் அவளுக்குக் கோபம் ஆறியிருக்கும். சங்ககாலத்து ஊடல்கள் ஒரே பாட்டில் முடிந்த காரணம் இதுவே. இவ்வுண்மையை முதன்முதலாக வெளியிடும் பேறு இக்கட்டுரைக்குரியது.

'ம்' என்பதை அடுத்து ஒரு முற்றுப்புள்ளியும் வந்தால்? முற்றுப்புள்ளி ஓலையில் இல்லாதது, அச்சுக் காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தது. ஒரே எழுத்துக்கு மேலே தமிழ்ப் புள்ளி, பக்கத்தில் வெள்ளைக்காரப் புள்ளி. இரண்டு நாகரிகங்களும் சேர்ந்து ஒருவனைக் கைவிட்ட இடம் அது (டீ.உரை, ஐந்தாம் கிளாஸ், சர்க்கரை குறைவாகக் கேட்ட பகுதி, இவ்விடத்தில் திருநெல்வேலி பஸ் ஹாரன் அடித்ததால் இரண்டு சொற்கள் சிதைவு, அவற்றுள் ஒன்று வசை என்று ஊகிக்கலாம்).

5. பாடவேறுபாடு

இக்காலத் தலைமக்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதால் மூலபாட ஆய்வு இன்றியமையாததாகிறது. எஸ், ஏ, ஆர், ஐ என்னும் நாலெழுத்தை எடுத்துக்கொள்வோம். இது 'சரி'யா, 'சாரி'யா, தீபாவளிக்கு எடுத்துத்தரச் சொன்ன சாரியா? அவன் 'சரிடி' என்று வெறுப்பில் அனுப்பியதை 'சாரிடி' என்று வாசித்து மன்னித்தவளும் உண்டு. 'சாரிடி' என்று உருகியதைச் 'சரிடி' என்று வாசித்து ஒரு வாரம் பேசாதிருந்தவளும் உண்டு. முன்னவள் வாழ்க்கை நன்றாயிருக்கிறது. பிழையான பாடமே சில இடங்களில் சிறந்த பாடம் என்பதற்கு இது சான்று.

ஏடுகளை ஊர் ஊராகத் தேடி, ஒப்புநோக்கி, பாடவேறுபாடு காட்டிப் பதிப்பித்தவர் உ.வே.சா. 1887இல் சிந்தாமணியும் 1892இல் சிலப்பதிகாரமும் அவ்வாறு வந்தன. இன்று அந்த உழைப்பை மேற்கொள்வோர் தோழியர். ஒரே உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டுகளை வரிசைப்படுத்தி, 'இந்த எடத்துல அவன் மனசுல வேற என்னமோ இருக்குடி' என்று உரை காண்கிறார்கள். பதிப்புரை மட்டும்தான் இல்லை.

ஏட்டைச் செல்லரித்த இடத்தில் பதிப்பாசிரியர் புள்ளி வைத்து விடுவார். 2017இல் வாட்ஸ்அப் 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' என்ற வசதியைக் கொண்டுவந்தது முதல், எழுதியவரே கரையானாகவும் இருக்க முடிகிறது. ஆனால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரியைப் பார்த்தவள் அங்கே இருந்திருக்கக்கூடிய யாவற்றையும் தானே எழுதி நிரப்பிக்கொள்கிறாள். அவன் அழித்தது ஓர் எழுத்துப்பிழையாக இருக்கும். அவள் நிரப்பியது ஒரு காப்பியம்.

2023இல் வந்த திருத்தும் வசதி பதினைந்து நிமிடம் தருகிறது. திருத்தினால் 'திருத்தப்பட்டது' என்று பக்கத்திலேயே எழுதியும் விடுகிறது. மூலத்தில் கை வைத்துவிட்டுச் சொல்லாமல் இருந்துவிடும் பழக்கம் சில பதிப்பாசிரியர்களுக்கு உண்டு. செயலி இன்னும் அந்த அளவுக்குப் படிக்கவில்லை.

6. வாயில்கள்

தலைவியின் ஊடலைத் தீர்க்கத் தூது செல்வாரை வாயில்கள் என்றார் தொல்காப்பியர். கற்பியலில் பன்னிருவர்: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். ஒரு சண்டைக்குப் பன்னிரண்டு பேர். செல்போன் வந்து இவர்களில் பலரை வேலையிலிருந்து நிறுத்தியது. தோழி நிற்கிறாள். தாயிடம் போன் போனால் சண்டை பெரிதாகும் என்பதால் தாயைத் தவிர்க்கிறார்கள். விருந்தினர் மட்டும் இன்றும் முறையாகப் பணியாற்றுகிறார்கள்: மேலூர் அத்தை வந்து நடுவீட்டில் உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்ட ஊடலும் காபி போடும் அளவுக்கு இறங்கிவிடும்.

பன்னிரண்டாவதாக நின்ற 'கண்டோர்' யார்? வழியே போகையில் பார்த்தவர் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். பொருந்தாது. கண்டுவிட்டார், ஆனால் பதில் சொல்லவில்லை; கண்டார் என்பது மட்டும் தெரிகிறது. இது நீல டிக் அன்றி வேறென்ன? 2014 நவம்பரில் வாட்ஸ்அப் அறிமுகப்படுத்தியதைத் தொல்காப்பியர் பட்டியலின் கடைசியில், வேண்டுமென்றே, ஒரே சொல்லில் வைத்துவிட்டுப் போனார். இதை ஏதேனும் ஒரு மாநாட்டில் வாசித்தால் பொன்னாடை உறுதி. பழந்தமிழில் எல்லாம் இருந்தது என்று நிறுவினால் சால்வை கிடைக்கும். பழந்தமிழில் இருப்பதைப் படித்துப் பார்த்தேன் என்றால் பஸ் காசுகூடக் கிடைக்காது.

ரியாக்‌ஷன் குறிகளுக்கும் மதுரையிலேயே மூலமுண்டு. ஆலவாய் இறைவன் அருளியதாகச் சொல்லும் களவியல் அறுபது நூற்பாவுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை செய்ய, எது மெய்யுரை என்று தீர்க்க உருத்திரசன்மன் என்னும் பேசாத சிறுவனை உட்கார வைத்தார்கள் என்பது கதை. மருதன் இளநாகனார் உரைக்குச் சிலவிடத்தும், நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் அவன் கண்ணீர் வார்ந்தான், உரோமம் சிலிர்த்தான். ஒரு வார்த்தை எழுதவில்லை. புலவர்கள் பக்கம் பக்கமாக அனுப்பியதற்கு ஓர் அழுமுகப் பொம்மை பதில். அதை எல்லாரும் தீர்ப்பென்று ஏற்றுக்கொண்டார்கள். பெருவிரல் பொம்மை வாங்கிக் கலங்குவோர் இதை எண்ணி ஆறுக.

7. களஆய்வு: தும்மல் கோட்பாடு

ஓரிரவு திருச்சி பஸ்கள் நிற்கும் இடத்தில் ஓர் இளைஞனுக்குப் பின்னால் நின்று, அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத் தரவு திரட்டப்பட்டது. இதை ஆய்வாளர்கள் 'பங்கேற்பு நோக்கல்' என்பர். மதுரையில் இதற்கு அடி விழும்.

அவன் கையில் மல்லிகைப்பூப் பொட்டலம். பூ வாழையிலையில் ஈரமாக இருந்தது. ஈரம் விரலில் பட்டு, போன் தொடுவதற்குச் சரியாக மசியவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு 'நான் பேசுனது தப்புதான்' என்று அடித்தான். அழித்தான். 'நீயும் அப்டி வஞ்சிருக்கக் கூடாது' என்று அடித்தான். அதையும் அழித்தான். கண்டக்டர் 'மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, திருச்சீ!' என்று படியைத் தட்டிக்கொண்டிருந்தார். டீக்கடை அண்ணன், 'தம்பி, ஏறுறியா, இல்ல இங்ஙனயே குடியிருக்கப் போறியா?' என்றார். இளைஞன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தரையில் நின்றபடியே, 'பஸ் ஏறிட்டேன்' என்று அனுப்பினான்.

உடனே நீல டிக். உடனே பதில்: 'சாப்டியா?'

இவன்: 'ம்'.

'பாத்து வா.'

ஊடல் தீர்ந்தது. எவ்வாறு? 'பஸ் ஏறிட்டேன்' என்பதில் மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை, அன்புகூட இல்லை. ஆனால் ராத்திரியில் ஒருவன் பஸ் ஏறிவிட்டேன் என்றால், அவனோடு ஆயிரம் சண்டை இருந்தாலும், பாத்து வா என்று சொல்லாமலிருக்க நம் ஊரில் யாருக்கும் மனம் வராது.

இதை வள்ளுவர் அறிவார். புலவி நுணுக்கத்தில், 1312ஆம் குறளில், ஊடிப் பேசாதிருந்த தலைவி சொல்கிறாள்: அவர் தும்மினார், தும்மினால் 'நீடு வாழ்க' என்று நான் வாய் திறந்துதான் ஆகவேண்டும் என்று தெரிந்தே தும்மினார். ஆக, சமாதானத்துக்கு அவன் தேர்ந்தது சொல்லை அன்று, தும்மலை. திருச்சி பஸ் அந்தத் தும்மலே. தொல்காப்பியர் பட்டியலில் பதின்மூன்றாவது வாயிலாக அரசுப் பேருந்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஐந்து குறள் தள்ளி, 1317இல், வேறொருவன் தும்முகிறான். தலைவி வாழ்த்திவிடுகிறாள். வாழ்த்தியதை உடனே மாற்றி, யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். இக்குறளின் மேல் ஐயம் கொண்டு கட்டுரையாளர் இளைஞனின் போனை மேலும் சிறிது நேரம் நோக்க, செய்தி ஒன்று வந்தது.

'பக்கத்து சீட்டுல யாரு?'

அவன் இன்னும் பஸ் ஏறவில்லை. பக்கத்து சீட்டில் யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினான் (டீ.உரை, இறுதிப் பகுதி: 'டீக்குக் காசு குடுக்காமப் போறான் பாரு', இக்கூற்றை இடைச்செருகல் என்று ஒதுக்க இயலாது, கட்டுரையாளரே அந்தக் காசைக் கொடுக்க நேர்ந்தமையின்).

8. முடிபுகள்

1. ஊடல் தீர்க்கும் செய்தியில் ஊடலைப் பற்றி ஒரு சொல்லும் இருத்தலாகாது.

2. பதில் சொல்லாமலிருக்க முடியாத செய்தியே தலையாயது. காதலர்க்கு பஸ், மழை, காய்ச்சல். மணமானவர்க்கு 'கேஸ் வந்துருச்சு'.

3. 'ம்' நாற்பத்து மூன்றாம் ஓரெழுத்து ஒருமொழியாகக் கொள்ளத்தக்கது. பொருள்: சொல்பவர்க்கே வெளிச்சம்.

4. சமாதானமான பிறகு 'அன்னிக்கு ஏன் அப்டிச் சொன்ன?' என்று கேட்பது மேலாய்வு எனப்படும். தவிர்க்க.

5. இந்த முடிபு நீக்கப்பட்டது.

6. ஐந்தாம் முடிபு நீக்கப்படுமுன்னர் வீட்டில் ஒருவர் அதைக் கண்டுவிட்டமையால், கட்டுரையாளர் இன்றிரவே திருச்சிக்குப் புறப்படுகிறார். பஸ் ஏறிட்டேன்.